உரித்துவிட்டால் எல்லாம் ஒரே காப்பர்: கேபிள் திருட்டை எங்கே தடுப்பது?

நெட் போச்சுன்னா முதல்ல என்ன பண்ணுவீங்க? ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்க. அப்புறம் கஸ்டமர் கேருக்கு போன். "ஏரியாவுல கேபிள் கட், சார்" என்று ஒரு வரியில் பதில் வரும். பல நேரம் அது ஜேசிபி செய்த வேலை. ஆனால் சில நேரம் அது விபத்தே இல்லை. யாரோ வேண்டுமென்றே வெட்டி, இழுத்து, எடைக்குப் போட்டிருப்பார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் படிக்கிற நமக்கு இது முக்கியமான விஷயம். ஓசூர் சிப்காட்டில் இருந்து போச்சம்பள்ளி வரை இத்தனை தொழிற்சாலைகள். பெரிய கம்பெனிக்கு இரண்டு மூன்று லைன் இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று. ஆனால் ஜாப் ஒர்க் எடுக்கிற சின்ன யூனிட்டுக்கு இருப்பது ஒரே லைன். அது போனால் இ-வே பில் போட முடியாது. பில் இல்லாமல் சரக்கு வண்டி கிளம்பாது. திருடியவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம், இழப்பு அதைவிடப் பல மடங்கு.

ஒரு சின்னக் கணக்கு

பழைய டெலிபோன் கேபிளில் 100 ஜோடி என்றால் உள்ளே 200 காப்பர் கம்பிகள். ஒவ்வொன்றும் 0.5 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.196 சதுர மி.மீ., 200 கம்பிக்கு சுமார் 39 சதுர மி.மீ. காப்பரின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.96 கிராம். ஆக ஒரு மீட்டர் கேபிளில் சுமார் 350 கிராம் காப்பர், 100 மீட்டரில் 35 கிலோ. கிலோ 600 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 21,000 ரூபாய். 2024 மே மாதம் லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்சில் ஒரு டன் காப்பர் 11,000 டாலரைத் தாண்டியது. விலை ஏற ஏற மண்ணுக்கடியில் இருக்கும் கேபிள் மேல் கண் விழும்.

"இப்போ எல்லாமே ஃபைபர்தானே?"

நியாயமான கேள்வி. ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை, எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. ஆனால் வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் கறுப்பு கேபிள்தான். வெட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே என்ன என்று தெரியும். 2011 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டில் காப்பர் தேடி மண்ணைத் தோண்டிய ஒரு மூதாட்டியின் மண்வெட்டி ஃபைபர் கேபிளில் பட்டது. பக்கத்து நாடான ஆர்மீனியாவில் பெரும்பகுதிக்குப் பல மணி நேரம் இன்டர்நெட் இல்லை. 2007-ல் வியட்நாமில் கடலுக்கடியில் வேலை செய்துகொண்டிருந்த ஃபைபர் கேபிளையே பழைய கேபிள் என்று கிலோமீட்டர் கணக்கில் அள்ளிவிட்டார்கள். ஃபைபருக்கு மாறுவது நல்ல தீர்வுதான். ஆனால் காப்பரும் ஃபைபரும் ஒரே பள்ளத்தில் கிடக்கும் வரை இரண்டுக்கும் ஆபத்து உண்டு.

எங்கே வெட்டினார்கள் என்று கண்டுபிடிப்பது

இதற்கு ஓடிடிஆர் என்ற கருவி இருக்கிறது. ஃபைபரின் ஒரு முனையில் ஒளித் துடிப்பு ஒன்றை அனுப்புவார்கள். வெட்டுப்பட்ட இடம் வரை போன ஒளியில் ஒரு பகுதி திரும்பி வரும். எத்தனை நேரத்தில் வந்தது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். கண்ணாடிக்குள் ஒளி, வெற்றிடத்தில் போகும் வேகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகும். போய்வர 50 மைக்ரோ விநாடி ஆனால் வெட்டு சுமார் 5.1 கி.மீ. தூரத்தில். காப்பரில் இதே வேலையை மின் துடிப்பை வைத்து டிடிஆர் செய்யும். இன்னும் ஒரு படி மேலே போய், ஃபைபரையே காது மாதிரி பயன்படுத்தி, பக்கத்தில் யாராவது தோண்டினால் அந்த அதிர்வைப் பிடிக்கும் முறையும் இருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் இந்தக் கருவிகள் சொல்வது "எங்கே" என்பதை மட்டும்தான். "யார்" என்று சொல்லாது. டீம் வண்டி எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் ஆள் கிளம்பியிருப்பான்.

உறையில்தான் அடையாளம்

டெலிகாம் கேபிளின் கறுப்பு உறை மேல் தயாரித்த கம்பெனி, வருடம், நீளம் எல்லாம் அச்சடித்திருக்கும். அதுதான் அந்தக் கேபிளின் ஆதார் கார்டு. உறையை எரித்தாலோ உரித்தாலோ அது போச்சு. மிஞ்சும் கம்பி யாருடையது என்று எந்த லேபும் எளிதாகச் சொல்ல முடியாது. மோட்டார் காயில் கம்பியும் டெலிபோன் கம்பியும் மூட்டைக்குள் ஒன்றுதான்.

இந்தச் சிக்கலை நம் நாட்டில் அன்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள். 1950-ல் தந்திக் கம்பிக்கென்றே ஒரு தனிச் சட்டம் வந்தது. ஒரு மைலுக்கு எத்தனை பவுண்டு எடை என்ற கணக்கில் தந்திக் கம்பியை அது வரையறுத்தது. அரசுத் துறையுடையது என்று நம்பக் காரணமுள்ள கம்பி உங்களிடம் இருந்தால், நேர்மையாக வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்தச் சட்டம் இப்போது ரத்தாகிவிட்டது. இன்று 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி முக்கியக் கட்டமைப்பு என்று அறிவிக்கப்பட்டதைச் சேதப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை பெரிசுதான், ஆனால் முதலில் ஆள் மாட்ட வேண்டுமே!

பார்டர் என்ன செய்கிறது?

ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம், வேறு போலீஸ். ஜிஎஸ்டி வந்த 2017-ல் வணிகவரி சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. மாநிலம் தாண்டும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் வேண்டும். நம்ம கணக்குப்படி அது சுமார் 83 கிலோ காப்பர். அதற்குக் கீழே போகும் மூட்டைக்கு அந்தப் பில் தேவையில்லை. ஒரு நல்ல மாற்றம், 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம். "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

அப்போ எங்கே தடுப்பது?

விற்கிற இடத்தில். திருடியவனுக்குக் கேபிள் தேவையில்லை, காசுதான் தேவை. அந்தக் காசு கைமாறுவது தராசு பக்கத்தில். பிரிட்டனில் 2012 டிசம்பரில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் தருவதையே தடை செய்தார்கள். 2013 சட்டப்படி கடைக்கு லைசென்ஸ், விற்பவரின் அடையாளப் பதிவு இரண்டும் கட்டாயம். அதற்குப் பிறகு அங்கே உலோகத் திருட்டு நன்றாகக் குறைந்தது. இங்கே 2024 அக்டோபரில் இருந்து, பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் ஜிஎஸ்டி பதிவுள்ள கடைக்காரர், வரியைத் தானே கட்டிக் கணக்கு காட்ட வேண்டும். நோக்கம் வரி, ஆனால் ஒரு தடயமும் கிடைக்கிறது. அதோடு யுபிஐயில் மட்டும் பணம், எரித்த காப்பர் வந்தால் போட்டோவுடன் பதிவு என்று ஓசூரும் அத்திப்பள்ளியும் சேர்ந்து ஒரே விதி வைத்தால் பார்டர் பிரச்சினை பாதி குறையும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தெருவில் பேப்பர், பாட்டில் பொறுக்கும் மனிதர் மேல் சந்தேகப்படுவது சுலபம். 35 கிலோ கேபிளைத் தோண்டி எடுக்க ஆள், வண்டி, வாங்க ஆள் எல்லாம் வேண்டும். பதிவு முறை வந்தால் அந்த அப்பாவிக்கும் அதுதான் பாதுகாப்பு.

நாம என்ன செய்யலாம்?

ராத்திரியில் ரோட்டோரம் தோண்டுகிறார்களா? யூனிஃபார்ம், ஹெல்மெட் போட்டிருந்தாலே அதிகாரபூர்வம் என்று அர்த்தமில்லை. நேரில் போய்ச் சண்டை வேண்டாம். இடத்தையும் வண்டி நம்பரையும் குறித்து 112-க்குச் சொல்லுங்க. பள்ளம் தோண்டுபவர் முன்கூட்டியே கேபிள் கம்பெனிக்குத் தகவல் சொல்வதற்கென்று "கால் பிஃபோர் யூ டிக்" என்ற அரசு ஆப் 2023 மார்ச்சில் வந்தது. உங்க கேம்பஸில் பள்ளம் தோண்டும்போது கான்ட்ராக்டரிடம் அதில் பதிவு செய்தாரா என்று கேளுங்க.

இன்னும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் கிடைக்காத ஜூனியர்களுக்கு ஒரு ஐடியா: காயலான் கடைத் தராசோடு சேரும் ஒரு சின்ன பாக்ஸ். எடை, போட்டோ, நேரம், பணம் போன யுபிஐ எண், இந்த நான்கையும் அழிக்க முடியாமல் பதிவு செய்தால் போதும். ஒரு லோட் செல், ஒரு கேமரா மாட்யூல் வைத்தே ஆரம்பிக்கலாம்.