பந்து இப்போது எங்கே?

ஆடுகிறவனுக்குக் கோப்பை கொடுப்பது சரி, ஆட்டத்தை மைக்கில் சொல்கிற மாணவனுக்கு எதற்கு விருது என்று கேட்கிறீர்கள் தம்பி. நியாயமான கேள்விதான். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், பதில் நம் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது.

வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபதவாசல் திறப்பைத் திருச்சி வானொலி நேர்முக வர்ணனையாகத் தருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 1939 மே 16இல் தொடங்கிய நிலையம் அது. அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாத பாட்டிக்கு, ரத்தினங்கியில் நம்பெருமாள் புறப்படுவதும், வாசலைக் கடப்பதும், ஆயிரங்கால் மண்டபம் போய்ச் சேர்வதும் காது வழியாகத்தான் கிடைக்க வேண்டும். "கண்கொள்ளாக் காட்சி" என்று பத்து தடவை சொன்னாலும் பாட்டிக்கு எதுவும் தெரியாது. பெருமாள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று சொல்லுங்கள். மீதியைப் பாட்டியே பார்த்துக்கொள்வாள்.

விளையாட்டு வர்ணனையும் இதே வேலைதான். 1927 ஜனவரி 15 அன்று ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தும் வேல்ஸும் ஆடிய ரக்பி ஆட்டத்தைப் பிபிசிக்காக டெடி வேக்லம் வர்ணித்தார். பிபிசிக்காரர்கள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்: பார்வையற்ற ஒருவரை அவர் அருகே உட்கார வைத்து, இவருக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள் என்றார்கள். அந்த நாட்களில் மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எண் போட்டு, பத்திரிகையில் படமாகவே அச்சிட்டார்கள். பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல மட்டும் இன்னொரு குரல் இருந்தது.

அமெரிக்காவில் ரெட் பார்பர் என்றொருவர். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே வேலையும் பார்த்த பையன். 1930இல் வராத ஒரு பேராசிரியருக்குப் பதிலாகக் கல்லூரி வானொலியில் மாட்டுப் பிரசவம் பற்றிய கட்டுரையை வாசித்ததுதான் அவருடைய ஆரம்பம். பிறகு பேஸ்பால் வர்ணனையில் பெரிய பெயர் எடுத்தார். எதிரே மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். அப்போதுதான் ரேடியோவைத் திருகியவனுக்கும் ஆட்டம் புரிய வேண்டுமே! 1978இல் பேஸ்பால் ஒலிபரப்பாளர்களுக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருதை முதன்முதலில் பெற்ற இருவரில் அவர் ஒருவர். இப்போது அங்கே கல்லூரி மாணவ வர்ணனையாளர்களுக்கென்றே ஜிம் நான்ட்ஸ் பெயரில் ஒரு விருது இருக்கிறது.

தமிழில் இதைச் செய்வது இன்னும் கடினம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். "ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்தைக் கவர் திசையில் அழகாக" என்று இழுத்து "அடித்தார்" என்பதற்குள் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கும். ஆகவே வாக்கியத்தை உடைக்க வேண்டும்: "வெளியே பந்து. மட்டையை வீசினார். கவர் திசை. நான்கு!" வானொலியில் கூத்தபிரானும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் தமிழில் கிரிக்கெட் சொன்ன காலத்தில், மூலையில் இருந்த டிரான்சிஸ்டரே மைதானமாக இருந்தது. 2017இல் தமிழில் விளையாட்டுக்கென்றே ஒரு தொலைக்காட்சி வந்துவிட்டது. அங்கே படம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது, அரட்டைக்கும் இடம் கிடைக்கிறது. பழகுகிற மாணவன் அதைப் பார்த்துத் தொடங்கக் கூடாது என்பேன்.

கபடியில் தொடங்கட்டும். ஒரு ரெய்டுக்கு முப்பது வினாடி. அதற்குள் யார் போகிறான், எதிரே எத்தனை பேர், இடது கார்னரா வலது கார்னரா, போனஸ் கோட்டைத் தொட்டானா, நடுக்கோட்டுக்குத் திரும்பினானா, புள்ளி எத்தனை என்று எல்லாம் சொல்லியாக வேண்டும். இரவு கபடியில் மைக் பிடிக்கும் நம் ஊர் அண்ணன்களுக்குக் குரலும் வேகமும் தாராளமாக உண்டு. ஆனால் அவர்கள் பேசுவது ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கிற கூட்டத்திடம். பார்க்காதவனுக்குச் சொல்வது தனிப் பயிற்சி.

வாய்ப்பும் இல்லாமல் இல்லை. தனியார் பண்பலைக்கான 2011 கொள்கை விளையாட்டுப் போட்டிகளின் நேரடி ஒலிபரப்பை அனுமதிக்கவில்லை; உள்ளூர் ஆட்டங்களின் நேரடி வர்ணனைக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் நடக்கும் கல்லூரி ஆட்டம் உள்ளூர் ஆட்டம்தானே?

விருது கொடுப்பதென்றால் முறையாகக் கொடுங்கள். நடுவர்களை மைதானம் தெரியாத அறையில் உட்கார வையுங்கள். கையில் பேனாவும் தாளும் இருக்கட்டும். மாணவியோ மாணவனோ சொல்வதைக் கேட்டு யார் ஆடினார், பந்து எங்கே போனது, ஸ்கோர் என்ன என்று அவர்கள் எழுதிக்கொண்டே வரட்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளை ஸ்கோரர் குறிப்போடு ஒப்பிடுங்கள். எவருடைய வர்ணனைக்கு இரண்டும் ஒத்துப்போகிறதோ, அவரை மேடைக்கு அழையுங்கள்.