நெல் காயும் சாலையும் இருசக்கர வண்டியும்

காவிரிப் பாசனப் பகுதியில் முன்னாளில் மாட்டு வண்டி செய்துவந்த வேலைகளிற் பலவற்றை இன்று இருசக்கர மோட்டார் வண்டி செய்து வருகிறது. உர மூட்டை வயலுக்குச் செல்வதும், பால் கேன் சங்கத்தை அடைவதும், தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலை சங்கத்து மேசைக்கு வந்து சேர்வதும் பெரும்பாலும் இதனாலேயே. திருபுவனத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய அதே 1955ஆம் ஆண்டிலேதான் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனியும் தோன்றிற்று. எனினும் அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் வசதி படைத்தோரின் வாகனமாகவே இருந்தது. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டியே சிறு விவசாயியின் வாசலுக்கும் நெசவாளர் தெருவுக்கும் மோட்டாரைக் கொண்டு வந்தது எனலாம்.

வண்டி வந்த வேகத்தில் அதனை ஆளும் ஒழுங்கு வரவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான விபத்துக்கள் நிகழ்ந்த மாநிலம் நமது தமிழ்நாடு. விபத்துக்கள் 64,105, இறந்தோர் 17,884. சம்பாதிக்கும் ஒருவரை இழந்த வீட்டில் தறி நின்று போகிறது. குத்தகை நிலம் கைமாறுகிறது. ஆகவே இது போலீசாரும் வாகனம் ஓட்டுவோரும் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயமன்று. கூட்டுறவாளர்களாகிய நாமும் கருத வேண்டியதே.

தஞ்சை வட்டாரத்திற்கே உரிய ஓர் அபாயத்தை முதலிற் கூறுவோம். குறுவை அறுவடையின்போதும், தை மாசியில் சம்பா, தாளடி அறுவடையின்போதும் நம் சாலைகளிற் பல களமாகி விடுகின்றன. சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். மறு பாதியில் இரு திசை வண்டிகளும் செல்லும். மாலையில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, காற்றில் பறவாதிருக்கக் கருங்கற்களை ஓரத்தில் அடுக்குவர். கார் ஓட்டுபவருக்கு இது ஓர் இடைஞ்சல். இருசக்கர வண்டிக்கோ உயிருக்கே ஆபத்து. சக்கரத்தின் கீழ்ச் சிதறிய நெல்மணிகள் உருளும். பிரேக்கை அழுத்திய மாத்திரத்தில் வண்டி சறுக்கும். இரவில் எதிர் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும்போது, கருநிறப் பாயும் கல்லும் சாலையோடு சாலையாய் மறைந்து விடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்து விடுகிறது. கல் கண்ணிற்படுவதற்கும் அதன்மீது மோதுவதற்கும் இடையே யோசிக்க நேரம் ஏது?

சாலையில் நெல் காயவைப்பவர் குற்றவாளியல்லர். அவருடைய இக்கட்டையும் நாம் அறிவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பது பொது விதி. மழைக் காலங்களில் மத்திய அரசு இதனைச் சிறிது தளர்த்துவதுண்டு. இயந்திரத்தால் அறுத்த நெல் ஈரத்தோடு வருகிறது. பழைய களங்கள் பல ஊர்களில் மறைந்து போயின. மழை மேகம் திரண்டு நிற்க, சூடேறிய தார்ச் சாலையைத் தவிர அவருக்கு வேறு கதியில்லை. ஆயினும் பொது வழியில் தடையோ ஆபத்தோ உண்டாக்குவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதத்திற்குரியது. அபராதத்தினும் பெரிய செய்தி ஒன்றுண்டு: அக்கல்லில் மோதி விழுபவர் பெரும்பாலும் அயலாரல்லர், அடுத்த தெரு விவசாயி, அல்லது அவர் மகன்.

இனி, வண்டி ஓட்டுவோர் அறிய வேண்டிய சட்டத்தைச் சுருக்கமாகக் காண்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமென விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2007இலும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்கிணங்க 2015 ஜூலை முதல் தேதியிலும் இது வற்புறுத்தப்பட்டது. எனினும் சில மாதங்களில் கவசம் மீண்டும் வண்டியின் கைப்பிடியில் தொங்கலாயிற்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான மதிப்பீடு ஒன்று, தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறதெனக் காட்டிற்று. இந்தியத் தர நிர்ணய முத்திரை உள்ளதை வாங்கி, தாடைப்பட்டையை மாட்டி அணிந்தாலன்றி இப்பயன் கிட்டாது.

பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றலாகாது என்பது 128ஆம் பிரிவு. பின்சக்கரத்தை மறைக்கும் காப்பும், பற்றுதற்குக் கைப்பிடியும் வண்டியில் இருத்தல் வேண்டுமென்பதும் விதியே. நாம் நெய்யும் சேலையே சக்கரத்தில் சிக்கி, உடுத்தியவரை வீழ்த்துவதைத் தடுப்பது இக்காப்புத்தான். அழகுக்கென அதனைக் கழற்றுதல் தகாது. பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் கியர் வண்டியைக் கொடுத்து, அவன் குற்றம் புரிய நேர்ந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு, பிறருக்கு நேரும் சேதத்திற்கான பாலிசி ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. ஆறாம் ஆண்டில் அதனைப் புதுப்பிக்கப் பலர் மறந்து விடுகின்றனர். வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தால் குடும்பத்திற்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்க வழி செய்யும் தனிநபர் விபத்துக் காப்பும் அதே ஆண்டில் வகுக்கப்பட்டது. ஆனால் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கு இப்பயன் இல்லை. உரிமம் எடுக்கச் சோம்பியவர் தம் மனைவி மக்களின் பங்கையே இழக்கிறார் என்பதை உணர வேண்டும்.

விபத்து நேர்ந்த இடத்தில் உதவி செய்தால் கோர்ட்டுக்கு அலைய நேருமோ என அஞ்சி விலகிச் செல்வோர் உளர். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளன; பெயரைக் கூறுமாறும் அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. 108 எண்ணுக்குச் சொல்வதே முதற்கடமை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், இத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. பணம் திரட்டிக் கொண்டு போகலாமென்று ஒரு நாழிகை தாமதித்தல் கூடாது.

சங்கங்கள் செய்யக்கூடியவை யாவை? சாலைக்கு மாற்றாகக் களம் வேண்டும். சிமெண்டுக் களம் ஒன்றை ஊராட்சியோடு சேர்ந்து அமைப்பதும், நெல் உலர்த்தும் இயந்திரத்தைப் பொதுவில் வாங்கி முறைவைத்து வாடகைக்கு விடுவதும் ஒருவரால் ஆகாதவை. பலர் கூடினால் ஆகும். அதுவரையில் ஒரு கட்டுப்பாட்டையேனும் மேற்கொள்வோம்: வளைவிலும் பாலத்தருகிலும் நெல் பரப்புவதில்லை, பொழுது சாய்வதற்குள் சாலையை விட்டு அகற்றி விடுவது, கல் வைப்பது அறவே இல்லை. நெசவாளர் சங்கங்கள் கடனுதவி, போனஸ் வழங்கும் நாட்களில் அங்கத்தினர்களின் உரிமம், இன்ஷூரன்ஸ் இரண்டும் நடப்பில் உள்ளனவா என விசாரிக்கலாம். தலைக்கவசங்களை மொத்தமாக வாங்கித் தவணையில் கொடுக்கலாம். நூலும் விதையும் உரமும் கூட்டாக வாங்கத் தெரிந்த நமக்கு இது கடினமன்று. அடுத்த அறுவடைக்கு முன் கூடும் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இதனைத் தனிப் பொருளாக வைத்துத் தீர்மானிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக் கொள்கிறோம்.