காணாப் பொருளைத் தேடும் கலை

காற்றைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். பனையோலை சலசலப்பதைக் கொண்டே காற்று வீசுகின்றது என்கின்றோம். வானநூலாரும் இவ்வாறே, தாம் காணாத பொருளொன்றை அதன் செயலைக் கொண்டு அறிந்துள்ளனர். கரும்பொருள் என்பது அதன் பெயர்.

1933ஆம் ஆண்டில் சுவிற்சலாந்து நாட்டவரான பிரிற்ஸ் சுவிக்கி என்னும் அறிஞர், கோமா என்னும் விண்மீன்மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அங்குள்ள மண்டலங்கள் விரைந்த வேகத்தை நோக்குமிடத்து, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. 1970இல் வேரா ரூபின் அம்மையாரும் கென்ற் போட்டும் அந்திரோமேடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தபோதும் இதே புதிர் எழுந்தது. அண்டத்துச் சடப்பொருளில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு கரும்பொருளே என்பது இன்றைய கணிப்பு.

அஃது ஈர்க்கின்றது என்பது தெளிவு. ஈர்ப்பன்றி வேறெவ்வகையிலேனும் சாதாரணத் துணிக்கைகளோடு அஃது உறவாடுகின்றதா? இதுவே இன்றைய வினா. விடையாக முன்வைக்கப்பட்ட கொள்கைகளுள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, அணுக்கருச் சிதைவுகள் சிலவற்றுக்குக் காரணமான மென்விசையை ஒத்த விசையாற் செயற்படும் பாரமான துணிக்கை. அண்டத்தின் ஆதி வெப்பத்தில் இத்துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதி அழிந்தன. அண்டம் விரிந்து குளிரவே, அவை சந்திப்பது அரிதாகி, எஞ்சியவை நிலைத்தன. இவ்வாறு எஞ்சும் அளவு, கரும்பொருளின் அளவோடு பெரிதும் ஒத்துவருகின்றது!

இரண்டாவது, அக்சியன். 1977இல் பெச்சியும் குயினும் வேறொரு புதிரை விடுவிக்க வகுத்த கொள்கையிற் பிறந்தது இது. இலத்திரனிலும் மிக மிக இலேசானது. வலிய காந்தப்புலத்தில் இது ஒளித்துணிக்கையாக மாறக்கூடும் என 1983இற் பியர் சிக்கிவி காட்டினார்.

மூன்றாவது, கரும் ஒளித்துணிக்கை. 1986இல் பொப் ஹோல்டம் விளக்கியபடி, இது நம் ஒளியோடு மிகச் சிறிதளவு கலந்து, இரு உலகங்களுக்கும் தூதாக நிற்கக்கூடும்.

முதற் கொள்கையைச் சோதிக்க, அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் பழைய பொற்சுரங்கமொன்றில், ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் ஆழத்தில், 7 தொன் திரவச் செனன் காத்திருக்கின்றது. விண்ணிலிருந்து பொழியும் கதிர்களை மேலுள்ள பாறை தடுக்கின்றது. கரும்பொருட் துணிக்கை செனன் கருவொன்றில் மோதின், நுண்ணிய ஒளிப்பொறி எழும். 280 நாள் அவதானத்தின் முடிவு 2024இல் வெளிவந்தது. தேடிய பொறி எழவில்லை.

இது தோல்வியா? அன்று. துணிக்கை ஒளிந்திருக்கக்கூடிய இடம் குறுகிற்று. பொருந்தாத கொள்கைகள் பல விலக்கப்பட்டன. 1930இல் பவுலி நியூத்திரினோவைக் கற்பனை செய்தபோது, அதனை எவராலும் பிடிக்க இயலாதென அஞ்சினார். 26 ஆண்டுகளின் பின், 1956இல், ரைன்சும் கவனும் அதனைக் கண்டறிந்தனர்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஈர்ப்பொன்றே கரும்பொருளின் உறவாயின், சுரங்கத்துச் செனன் அதற்காக என்றும் ஒளிராது. அவ்வாறாயின் ஓலையின் அசைவைக் கொண்டே காற்றின் இயல்பனைத்தையும் கற்கவேண்டியிருக்கும். மாணவரே, அக்கல்வியும் சிறிதன்று.