பைலட்டுக்கு எதுக்கு சங்கம்?

விமானம் ரத்து என்று டிவியில் செய்தி ஓடினால், கல்லல் கடைத்தெருவில் டீ கிளாஸோடு நிற்கிற யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "மாசம் லட்சக்கணக்குல சம்பளம் வாங்குற பைலட்டுக்கு எதுக்குண்ணே சங்கம், ஸ்ட்ரைக்கெல்லாம்?" அவர் கோபம் நியாயமானது. நம் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று திருச்சியிலும் மதுரையிலும்தான் விமானம் ஏறுகிறார்கள். லீவு முடிந்து குறித்த தேதியில் வேலையில் சேர வேண்டியவருக்கு ஒரு நாள் தவறினாலும் சங்கடம்தான். இருந்தாலும் பதிலைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சம்பளம் பெரிது, உண்மை. ஆனால் அந்த வேலையை விட்டு நகர்வது லேசில்லை. பைலட்டின் வாழ்க்கை சீனியாரிட்டி லிஸ்டில் இருக்கிறது. கேப்டன் ஆவது எப்போது, பெரிய விமானம் கிடைக்குமா, தீபாவளிக்கு வீட்டில் இருக்கலாமா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த வரிசையைப் பொறுத்தது. வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே வரிசையின் கடைசி. பஸ்ஸில் சீட்டுப் பிடித்தவர் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறினால் நின்றுகொண்டுதானே போக வேண்டும்? போதாததற்கு 2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் போட்ட விதிப்படி, வேலையை விட வேண்டுமென்றால் கேப்டன் ஒரு வருஷமும் கோ-பைலட் ஆறு மாதமும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் போய்விடலாமே என்று சொல்ல முடியாது. போக முடியாதவர்களுக்குத்தான் சங்கம் தேவைப்படுகிறது.

மறுபக்கம், கம்பெனிக்கும் கஷ்டம் உண்டு. ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனிப் பயிற்சி, தனி அனுமதி. வெளியிலிருந்து ஆளைக் கூட்டிவந்து நாளைக் காலையே ஓட்டச் சொல்ல முடியாது. காக்பிட்டில் கேப்டன், கோ-பைலட் இரண்டு பேரும் உட்கார்ந்தால்தான் விமானம் கிளம்பும். அதனால் பைலட்டுகள் எல்லோரும் சேர்ந்து நின்றால் அவர்கள் பலம் பெரிது.

ஆனால் நிற்பது எப்படி? விமானம் பொதுப் பயன்பாட்டுச் சேவை. 2025 நவம்பர் வரை இருந்த 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டப்படி, ஸ்ட்ரைக்குக்கு 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடியும்வரை ஸ்ட்ரைக் கூடாது என்றும் இருந்தது. நேர்வழி இப்படிக் குறுகியதால் பைலட்டுகள் கையில் எடுத்தது சிக் லீவு. உடம்பு சரியில்லை என்றால் பறக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் விதி. "எனக்கு முடியவில்லை" என்று சொல்லும் பைலட்டைப் பிடித்துக் காக்பிட்டில் உட்கார வைக்க எந்த மேனேஜரும் துணிய மாட்டார்.

2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸில் நடந்தது இதுதான். பைலட்டுகள் சங்கம் தொடங்கியிருந்தார்கள். அதில் முன்னால் நின்ற இரண்டு பேரை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியது. நூற்றுக்கணக்கான பைலட்டுகள் ஒரே நேரத்தில் சிக் லீவு போட்டார்கள். ஐந்து நாள் விமானங்கள் முடங்கின. கடைசியில் நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கூலி உயர்வு கேட்டு நடந்ததல்ல அது, கூட இருந்தவனை விடமாட்டோம் என்று நின்றது. அதனால்தான் ஒற்றுமை உடையவில்லை என்பது என் எண்ணம்.

ஏர் இந்தியா கதை நேர்மாறு. 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். கம்பெனி ஒன்றானது, பைலட் சங்கம் இரண்டாகவே இருந்தது, சம்பளக் கணக்கும் இரண்டு. 2011 ஏப்ரல் கடைசியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள், ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கேட்டு சுமார் பத்து நாள் ஸ்ட்ரைக்கில் நின்றார்கள். அடுத்த வருஷம் மே மாதம் பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் சிக் லீவு போட்டார்கள். அவர்கள் குறை என்ன தெரியுமா? புதிதாக வந்த போயிங் 787-க்கான பயிற்சியைப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளுக்கும் கொடுக்கிறார்கள் என்பது! ஒரே யூனிஃபார்ம் போட்ட சகாவின் பங்கைத் தடுக்க எழுந்த போராட்டம். அந்தச் சகாக்கள் உள்நாட்டு விமானங்களை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். 58 நாள் இழுத்தது. 101 பேர் வேலை நீக்கம், சங்கத்தின் அங்கீகாரம் ரத்து. டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஸ்ட்ரைக்கை விலக்கிக்கொள்வதாகச் சொல்லி முடித்தார்கள்.

ஒற்றுமை இருந்தும் தோற்றவர்களும் உண்டு. 1989-ல் ஆஸ்திரேலிய பைலட்டுகள் கட்டுக்கோப்பாக நின்று மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். பிரதமர் பாப் ஹாக் விமானப்படை விமானங்களை இறக்கிப் பயணிகளை ஏற்றினார். பலருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அரசு எதிரே நின்று, பொதுமக்கள் பக்கபலமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

இப்போது நம் நாட்டில் வழி இன்னும் குறுகிவிட்டது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் பேசிவைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தக் கணக்கில் சேரும்.

ஆனால் சங்கம் என்றால் ஸ்ட்ரைக் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பைலட்டின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனதும், இரவில் விமானத்தை இறக்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்ததும், பைலட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் வழக்கு நடத்தியதால் அமலுக்கு வந்தவை. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதே, அது ஸ்ட்ரைக் இல்லை. புது ஓய்வு விதிக்கு வேண்டிய ஆட்களைக் கம்பெனி தயாராக வைத்திருக்கவில்லை. அதிகாலை இருட்டில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கும் விமானத்தை இறக்குகிறவர் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கையும்தானே?

இனி ஒரு முறை விமானம் ரத்தானால், முதலில் காரணம் என்ன என்று கேளுங்கள். தொழில் தகராறு என்றால் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று விதி கம்பெனிக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் முழு டிக்கெட் பணமோ மாற்று விமானமோ உங்கள் உரிமை. அதைக் கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் நிற்கும் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். பைலட்டின் டியூட்டி ரோஸ்டரை அவர்கள் போடவில்லை.