பேரம் பேசும் பாக்கியம்

ஒரு பாஷையைப் புஸ்தகத்தில் பத்து மாதம் படிப்பதைவிடச் சந்தையில் பத்து நாழிகை பேரம் பேசினால் சீக்கிரம் கற்றுக் கொள்ளலாம் என்று அநுபவஸ்தர்கள் சொல்வதுண்டு. தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தில் யாத்திரை செய்தபோது நாம் இதைப் பரீட்சித்துப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். ஸ்பானிஷ் பாஷையில் நமக்கிருந்த ஞானமெல்லாம் சில உபசார வார்த்தைகளும், ஒன்று முதல் நூறு வரை எண்ணத் தெரிந்ததுமே. எண்ணத் தெரியும் என்று நாம் நம்பிக் கொண்டிருந்தோம் என்று சொல்வதே சரி.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஆண்டீஸ் மலைகளின் நடுவே குஸ்கோ நகரம் அமைந்திருக்கிறது. பழைய இன்கா சாம்ராஜ்யத்தின் தலைநகரம் இதுதான். அங்கிருந்து மலைப் பாதையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் பிஸாக் என்னும் ஊர் வருகிறது. ஊருக்கு மேலே, இன்கா காலத்து வயல்கள் படிப்படியாகக் கற்சுவர் கட்டி மலைச் சரிவில் ஏறிச் செல்கின்றன. கீழே சந்தை கூடுகிறது. ஒரு பக்கம் சோளமும் பல நிறத்து உருளைக்கிழங்கும் குவிந்திருக்க, மறு பக்கம் அல்பாக்கா ரோமத்துக் கம்பளிகளும் கைத்தறித் துணிகளும் கண்ணைப் பறிக்கின்றன.

சந்தைக்குச் சில வார்த்தைகள் போதும். 'குவான்டோ குவெஸ்டா?' என்றால், 'விலை என்ன?' என்று அர்த்தம். 'லோ மேனோஸ்?' என்று கேட்டால், 'கடைசி விலை என்ன?' என்பதாகும். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் 'கஸேரா' என்று அழைத்துக் கொள்கிறார்கள். நம் ஊரில் வாடிக்கை என்று சொந்தம் கொண்டாடுவதைப் போலத்தான். 'நீ', 'நீங்கள்' என்ற வித்தியாசம் ஸ்பானிஷிலும் உண்டு. ஆகையால் வயதான அம்மாளிடம் 'உஸ்தெத்' என்று மரியாதையாகவே பேசவேண்டும். எல்லாவற்றிலும் இனிமையான வார்த்தை 'யாபா'. நம்முடைய கொசுறுதான் அது! விலைக்கு ஸ்பானிஷ் வார்த்தை வந்துவிட்ட போதிலும், கொசுறுக்கு மாத்திரம் பூர்வகுடிகளின் கெச்சுவா பாஷை வார்த்தையே நிலைத்துவிட்டது.

இந்தப் பூமியில் பேரம் பேசுவது என்பது அற்ப விஷயமன்று. ஸ்பானியர் குஸ்கோவைக் கைப்பற்றியது 1533-ஆம் வருஷத்தில். பிற்காலத்தில் அவர்களுடைய ஜில்லா அதிகாரிகள் 'ரெபார்டோ' என்று ஒரு முறையைக் கையாண்டார்கள். கோவேறு கழுதைகள், துணிகள் முதலியவற்றை அதிகாரி கொண்டுவந்து குடிகள் தலையில் கட்டுவார். அவர் சொன்னதே விலை. வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இல்லை. குறைத்துக் கொடு என்று கேட்கவும் வாயில்லை. 1750-களில் இந்தக் கொள்ளைக்குச் சட்டத்தின் அநுமதியும் கிடைத்தது. 1780 நவம்பரில் இரண்டாம் டூபாக் அமாரு என்னும் வீரர் கிளர்ச்சிக் கொடி உயர்த்தி, அர்ரியாகா என்ற அதிகாரியைச் சிறைப்பிடித்துத் தூக்கிலிட்டார். தேசம் பற்றி எரியத் தொடங்கிய பிறகே சர்க்கார் ரெபார்டோவை ஒழித்தது. 1781 மே 18-ந் தேதி குஸ்கோவின் பெரிய சதுக்கத்தில் டூபாக் அமாருவும் அவருடைய மனைவி மிகாயேலா பாஸ்டிதாஸும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு கெச்சுவா பாஷையையும் ஒழித்துவிட ஆட்சியாளர் கட்டளையிட்டனர். பாஷை ஒழியவில்லை. 1975-இல் அது பெருவின் அரசாங்க பாஷைகளில் ஒன்றாயிற்று.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டே ஒரு நெசவுக்கார அம்மாளின் முன் நின்றோம். அருகில் அவருடைய சிறு பெண் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு வர்ணத்தில் கையால் நெய்த சிறு தோள்பை ஒன்றை எடுத்து விலை கேட்டோம். அம்மாள் சொன்ன விலை நம் காதில் 'ஸெஸென்டா' என்று விழுந்தது; அதாவது 60 ஸோல். சப்பாத்திக் கள்ளியில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து இறக்கிய சாயம் அது என்று அவர் விளக்கினார். நெய்ய எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டோம். நான்கு விரல்களைக் காட்டினார்.

பேரம் பேச வந்த நாக்கு எழவில்லை. நான்கு நாள் உழைப்பை எப்படிக் குறைத்துக் கேட்பது? தர்மப் பிரபுவின் தோரணையில், "ஸெஸென்டா" என்று தலையை அசைத்தோம். அம்மாள் முகம் சற்றே வாடிற்று. ஆனாலும், சரி என்று ஒப்புக் கொண்டார். கேட்டதைக் கொடுக்கிறோமே, வாட்டம் ஏன் என்று நமக்கு விளங்கவில்லை.

பணத்தை எண்ணும்போதுதான் சிறு பெண் கெச்சுவாவில் தாயாரிடம் ஏதோ சொல்லி, பத்து விரல்களையும் ஏழு தடவை விரித்துக் காட்டினாள். "கான்ச்சிஸ் சுங்கா" என்றாள். கான்ச்சிஸ் என்றால் ஏழு. சுங்கா என்றால் பத்து. நம் தமிழின் எழுபதைப் போலவே ஏழும் பத்தும் சேர்ந்த கணக்கு! அம்மாள் கேட்டது 'ஸெடென்டா'. நாம் கேட்ட விலையைக் கொடுக்கவில்லை. நமக்கே தெரியாமல் பத்து ஸோல் அடித்துப் பேசியிருக்கிறோம்.

வெட்கத்துடன் இன்னுமொரு பத்து ஸோலை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. பேரம் முடிந்துவிட்டதாம், ஒப்புக்கொண்ட விலை ஒப்புக்கொண்டதுதானாம். பேரமே நடக்கவில்லை, காதுதான் பிசகிவிட்டது என்று உடைந்த ஸ்பானிஷில் விளக்கியதும் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். தானம் என்றால் தொடாத கை, நியாயம் என்றதும் பணத்தைப் பெற்றுக் கொண்டது. பிறகு ஒரு சாண் நீளமுள்ள நெசவு நாடா ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டு, "யாபா!" என்றார். "ஸுல்பாய்கி" என்று கெச்சுவாவிலேயே வந்தனம் சொன்னோம்.

அறுபதுக்கும் எழுபதுக்கும் உள்ள வித்தியாசம் இனி நமக்கு மறக்காது. நமக்கு அது ஓர் எழுத்தின் வித்தியாசம். அந்த அம்மாளுக்கு அரை நாள் உழைப்புக்கு மேல்.