முதியோரின் இரவும் நாம் பேசத் தயங்கும் பிரச்சினையும்

நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் போன்ற நோய்களைப் பற்றி எமது சமூகத்தில் எவரும் வெளிப்படையாகப் பேசத் தயங்குவதில்லை. ஆனால் வளர்ந்த ஒருவர் உறக்கத்தில் தம்மையறியாது சிறுநீர் கழித்து விடுகின்றார் என்பது வைத்தியரிடம்கூடச் சொல்லப்படாத இரகசியமாகவே இருந்து வருகின்றது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகையில் 12.4 சதவீதத்தினர் 60 வயதைத் தாண்டியவர்களாவர். அதன் பின்னர் இவ்விகிதம் மேலும் அதிகரித்துள்ளது. பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, வயோதிபத் துணைவரோ ஒரேயொரு மகளோ பராமரிப்பைச் சுமக்கும் வீடுகளில் இது உறக்கத்தையும் மானத்தையும் ஒருங்கே பறிக்கும் பிரச்சினையாகும்.

முதலில் உணர வேண்டியது, இது முதுமையின் தவிர்க்க முடியாத விதியல்ல என்பதாகும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், கட்டுப்பாடற்ற நீரிழிவு, பக்கவாதம், பிரசவங்களால் தளர்ந்த இடுப்புத் தசைகள், உடலிலுள்ள நீரை வெளியேற்றும் மாத்திரைகள் எனக் காரணங்கள் பல. இவற்றுட் சில எளிதில் குணப்படுத்தக் கூடியவை. வயது முதிர்ந்த ஆணொருவர் புதிதாகப் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், சுக்கிலச் சுரப்பி வீக்கத்தால் சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். சிறுநீரில் இரத்தம் தென்படினும், கால்கள் பலமிழந்து தொடைகளின் இடைப்பகுதி மரத்துப் போயினும் தாமதமின்றி வைத்தியசாலையை நாட வேண்டும்.

சிகிச்சை பலனளிக்கும் வரையிலோ, முற்றாகக் குணப்படுத்த முடியாத நிலையிலோ இரவைக் கடப்பதற்குப் பாதுகாப்பு ஆடைகள் உதவுகின்றன. இவற்றை அடுக்கடுக்காக அணிவதில் ஒரு முறை உண்டு. உடலை ஒட்டியிருப்பது ஈரத்தை உறிஞ்சும் அடுக்கு. பேச்சு வழக்கில் 'பம்பஸ்' எனப்படும் உறிஞ்சாடையோ, மடித்த பருத்தித் துணியோ இதற்குப் பயன்படும். அதன் மேல் அணியப்படுவது ஈரம் வெளியேறாது தடுக்கும் காற்சட்டை. ஒன்று போதாதென இரண்டு உறிஞ்சாடைகளை ஒன்றன் மேலொன்றாக அணிவிப்பதில் பயனில்லை. உள்ளிருப்பதன் பிளாஸ்ரிக் புறம் ஈரத்தை வெளி ஆடைக்குச் செல்லவிடாது தடுத்து, பக்கங்களால் கசியச் செய்யும். கூடுதல் உறிஞ்சுதிறன் தேவைப்படின், பிளாஸ்ரிக் புறமில்லாத மேலதிகப் பஞ்சட்டையையே உள்ளே வைத்தல் வேண்டும். பெரிய அளவுடைய ஆடை அதிகம் உறிஞ்சும் என்பதும் தவறான எண்ணமே. தொடையோடு பொருந்தாத ஆடையே பெரும்பாலும் கசிகின்றது.

படுக்கையையும் இவ்வாறே அமைத்துக்கொள்ளலாம். மெத்தைக்கு நீர்புகா உறையிட்டு, அதன் மேல் விரிப்பொன்றை விரிக்க வேண்டும். இடுப்பு படும் இடத்தில் இறப்பர் விரிப்பையும் அதன் மேல் பருத்தித் துணியையும் குறுக்காக இட வேண்டும். நள்ளிரவில் நனைந்தால் மேலிரண்டையும் அகற்றினால் போதும். கீழே உலர்ந்த விரிப்பு தயாராக இருக்கும். எனினும் படுத்த படுக்கையாக இருப்போருக்கு அடுக்குகள் மிகுவது அழுத்தப் புண்களுக்கு வழிவகுக்கும். காற்று மெத்தையின் பயனையும் அது கெடுத்துவிடும்.

எமது வெப்பமான காலநிலையில் தோலைக் காப்பது மிக அவசியம். ஈரத்தில் ஊறும் தோல் எளிதில் புண்ணாகும். பூஞ்சணத் தொற்றும் ஏற்படும். ஆடை மாற்றும்போது இளஞ்சூட்டு நீரால் கழுவி, தேய்க்காது ஒற்றியெடுத்து, தோற்காப்புக் களிம்பை மெல்லியதாகப் பூச வேண்டும். தடிப்பாகப் பூசினால் அது உறிஞ்சாடையின் துளைகளை அடைத்துவிடும். பெண்களை முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். பகலில் சில மணி நேரமேனும் நீர்புகாக் காற்சட்டையின்றி இருக்க விடுவது நன்று.

நனைந்துவிடும் என்ற அச்சத்தால் நாள் முழுவதும் நீரருந்தாதிருப்போர் பலர். அதனால் சிறுநீர் செறிவடைந்து சிறுநீர்ப்பையை மேலும் உறுத்துவதுடன் மலச்சிக்கலும் உண்டாகின்றது. பகலில் போதியளவு அருந்தி, உறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன்னர் தேநீரையும் கோப்பியையும் தவிர்ப்பதே முறையாகும். கால் வீக்கமுடையோர் பிற்பகலில் கால்களை உயர்த்தி வைத்திருப்பின் இரவில் சேரும் சிறுநீர் குறையும். மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றுவதாயின் வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும்.

சுத்தமின்மை பற்றிய கூச்சத்தால் கோயிலையும் பள்ளிவாசலையும் விட்டு விலகும் முதியோரும் உளர். இடைவிடாத கசிவுடையோர், தொழுகை நேரம் வந்த பின் சுத்தம் செய்து, துணி கட்டி, ஒவ்வொரு கடமையான தொழுகைக்கும் வுழூச் செய்து தொழலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். வணக்கத்திற்கு இக்குறை தடையல்ல என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது குடும்பத்தினரின் கடமை.

உறிஞ்சாடைகளின் விலை பல குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையாகும். பழைய பருத்திச் சேலையையும் சாரத்தையும் துவைத்து வெயிலில் உலர்த்திப் பயன்படுத்துவதில் இழுக்கேதுமில்லை. எல்லாவற்றிலும் மேலாக, அடுத்த முறை கிளினிக் செல்லும்போது தாயோ தந்தையோ சொல்லத் தயங்கும் இவ்விடயத்தை, அவர்களின் சம்மதத்துடன் பிள்ளைகள் வைத்தியரிடம் எடுத்துக் கூற வேண்டும். பிரச்சினைக்கான தீர்வு அங்கிருந்தே தொடங்குகின்றது.