ஓட்டுப் போட்டால் போதுமா?

தேர்தல் வருகிறது. வேட்பாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். கை கூப்பி ஓட்டுக் கேட்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் சிலரைப் பார்ப்பதே அரிதாகிவிடுகிறது. "ஓட்டு வாங்கிப் போனவர் நமக்காகத்தான் பேசுகிறாரா?" என்று மக்கள் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி.

நாட்டு மக்கள் எல்லோரும் டில்லிக்குப் போய்ச் சட்டம் போட முடியாது. அதனால் தங்கள் சார்பில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். மக்களவைக்கு மட்டும் 543 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இப்படிப் போகிறவர்கள்தான் மக்கள் பிரதிநிதிகள். அவர்கள் எஜமானர்கள் அல்ல. மக்கள் அனுப்பிய ஆட்கள்.

அனுப்பியவர்கள் கேள்வி கேட்டால் என்ன நடக்கும்? வடக்கே ராஜஸ்தான் மாநிலத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம்.

ராஜஸ்தானில் பல பகுதிகள் வறண்டவை. மழை பொய்த்தால் பிழைப்பு இல்லை. அப்போது சாலை போடுவது, குளம் வெட்டுவது போன்ற வேலைகளை அரசு கொடுக்கும். ஆனால் பலருக்கு முழுக் கூலி கிடைக்கவில்லை. கணக்கைக் கேட்டால் அதிகாரிகள் காட்ட மறுத்தார்கள்.

1990-இல் அங்குள்ள உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் பெயர் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்'. அருணா ராய் அவர்களோடு நின்றார். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் மக்கள் கூடினார்கள். பஞ்சாயத்து வேலைகளின் கணக்கு எல்லோர் முன்னும் உரக்கப் படிக்கப்பட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது!

"எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்று மக்கள் முழங்கினார்கள். 1995 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் பேசினார். கணக்கின் நகல் மக்களுக்குத் தரப்படும் என்றார். ஓராண்டு போனது. உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் மக்கள் தர்ணா செய்தார்கள். 40 நாள் அசையாமல் உட்கார்ந்தார்கள். நகர மக்கள் அவர்களுக்கு உணவு கொடுத்து உதவினார்கள்.

2000-இல் ராஜஸ்தானில் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2005-இல் நாடாளுமன்றமே இப்படி ஒரு சட்டத்தை இயற்றியது. சட்டம் போட்டவர்கள் மக்கள் பிரதிநிதிகள்தான். போட வைத்தவர்களில் கூலி வேலை செய்யும் பெண்களும் ஆண்களும் இருந்தார்கள்.

இன்று எந்தக் குடிமகனும் அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தகவல் கேட்கலாம். மத்திய அரசு அலுவலகங்களில் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனு எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுதிக் கொள்ள அலுவலர் உதவ வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

கிராம சபையும் மக்கள் கையில் உள்ள கருவிதான். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். அங்கே வரவு செலவைக் கேட்கலாம்.

ஓட்டு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான். கேள்வியை எப்போதும் கேட்கலாம். கேட்க ஆள் இருந்தால்தான் பிரதிநிதிக்கும் மக்கள் நினைவு இருக்கும்.

கலந்து பேசுங்கள்: உங்கள் ஊரில் கிராம சபை கடைசியாக எப்போது கூடியது? யார் யார் போனார்கள்? என்ன கேட்டார்கள்?